கோயிலில் குபேரனைக் கண்டுபிடிப்பது எப்படி? முதல்முறை தேடுபவர்களுக்கு

குபேரன் என்றதும் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் மொட்டைத் தலைப் பொம்மைதான் நினைவுக்கு வருகிறதென்றால், முதல் வேலையாக அதை மனதிலிருந்து எடுத்து ஓரமாக வையுங்கள். அது குபேரன் இல்லை. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துணிப்பையும் கையுமாக ஊர் ஊராகத் திரிந்தார் என்று சொல்லப்படும் புதாய் என்கிற பௌத்தத் துறவி அவர். மற்ற இடங்களில் சிரிக்கும் புத்தர் என்று விற்கிறார்கள், இங்கே தொப்பையும் பையும் ஒத்துப்போனதால் 'குபேர பொம்மை' ஆகிவிட்டார். வீட்டில் இருந்தால் இருக்கட்டும், தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்த முகத்தை நினைத்துக்கொண்டு கோயில் தூண்களிலும் சுவர்களிலும் தேடினால் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஒன்றும் அகப்படாது.

பணம் பெருக என்ன பரிகாரம் என்று கேட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையில் அது கொஞ்சம்தான் இருக்கும். கோயிலிலும் அருங்காட்சியகத்திலும் குபேரனையும் அவனுடைய கூட்டத்தாரையும் எப்படி அடையாளம் காண்பது, எங்கே நின்று எதைப் பார்ப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புலத்தியரின் பேரன், விசிரவசுவின் மகன். இராவணனுக்கு மாற்றாந்தாய் வழியில் அண்ணன். இலங்கை முதலில் குபேரனுடைய ஊர், புஷ்பக விமானமும் அவனுடையதுதான். தம்பி வந்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டு துரத்திய பிறகுதான் வடக்கே கயிலை மலைப் பக்கம் போய் அளகாபுரியில் குடியேறினான். அங்கே அவன் இயக்கர்களுக்கு அரசன், வடதிசைக்குக் காவலன், சிவனுக்குத் தோழன்.

இயக்கர் யார்? யட்சர் என்று வடமொழிக் கதைகளில் வருகிறவர்கள்தான். மரத்திலும் குளத்திலும் மலையிலும் குடியிருந்துகொண்டு அந்த இடத்தைக் காக்கிறவர்கள். மகாபாரதத்தில் தாகத்தோடு வந்த பாண்டவத் தம்பிகள் நான்கு பேரும் ஒரு பொய்கைக் கரையில் வரிசையாகச் செத்து விழுவார்களே, அங்கே குரல் கொடுத்தது ஒரு யட்சன். தண்ணீரைக் குடிக்காதே என்று அவன் சொல்லவில்லை, என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுக் குடி என்றுதான் சொன்னான். கடைசியில் அது தருமதேவன் என்று தெரியவருகிறது, சரி, ஆனால் அவன் போட்டுக்கொண்ட வேஷம் யட்சனுடையது. கதை கேட்டவர்களுக்கு யட்சன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று தெரிந்திருந்ததால்தான் அந்த வேஷம் பொருந்தியது. புதையலைப் பூதம் காக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்ன கதைகளும் இதே குடும்பம்தான்.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. குபேரன் செல்வத்தைக் காக்கிறவன். அள்ளிக் கொடுப்பது அவன் வேலை இல்லை, அது இலட்சுமியின் வேலை. வங்கியில் லாக்கர் சாவியை வைத்திருக்கும் அதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்தப் பதவி. திருப்பதிக் கதையில் சீனிவாசனின் கல்யாணச் செலவுக்குக் குபேரன் பணம் கொடுக்கிறான் அல்லவா, அங்கேகூட அது தானம் இல்லை, கடன். பெருமாளாகவே இருந்தாலும் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான். உண்டியலில் விழும் காசு இன்னும் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்பது நம்பிக்கை. கீழே வேலை பார்ப்பவர்களிடமும் கறார்தான். கடமையில் தவறிய ஒரு யட்சனை ஓராண்டுக்கு ஊரைவிட்டே அனுப்பிவிட்டான், காளிதாசனின் மேகதூதத்தில் மேகத்திடம் புலம்புகிறவன் அவன்தான்.

காவல்காரன் என்று புரிந்துவிட்டால் எங்கே தேடுவது என்பதும் பாதி புரிந்துவிடும். நடுவில் தேடாதீர்கள். வாசலில், மூலையில், திசையில் தேடுங்கள்.

வடக்கைப் பிடியுங்கள்

போனில் திசைகாட்டி இருக்கிறது, ஆனால் கோயிலுக்குள் அது தேவையே இல்லை. கருவறையிலிருந்து அபிஷேகத் தண்ணீர் வெளியே விழும் கோமுகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது வடக்கு. சிவன் கோயில் என்றால் சண்டிகேசுவரர் உட்கார்ந்திருக்கும் பக்கம். கிழக்குப் பார்த்த சந்நிதியோ மேற்குப் பார்த்த சந்நிதியோ, பொதுவாக இது மாறாது.

அங்கே போய் நின்றதும் சுவர் மாடத்தில் குபேரன் இருப்பான் என்று எதிர்பார்க்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. சோழர் காலச் சிவன் கோயில்களின் வடக்கு மாடங்களில் துர்க்கையும் பிரம்மாவும்தான் இருப்பார்கள். குபேரன் தனியாக வருவது குறைவு, எட்டுத் திசைக் காவலர்களில் ஒருவனாகத்தான் அதிகம் வருவான். ஆகவே எண்மரையும் சேர்த்துத் தேடுங்கள். ஆட்டுக்கடா மேல் அக்கினி, எருமை மேல் எமன், மகரத்தின் மேல் வருணன் என்று வாகனத்தை வைத்து இவர்களைப் பிடிப்பது சுலபம்; அங்கிருந்து வரிசையை எண்ணிக்கொண்டு வந்தால், வருணனுக்கும் வாயுவுக்கும் அடுத்து, ஈசானனுக்கு முன்னால் நிற்பவன் குபேரன். தஞ்சைப் பெரிய கோயிலில் திருச்சுற்று மாளிகையை ஒட்டித் திசைக் காவலர்களுக்கு என்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரிசாப் பக்கம் போக வாய்த்தால் புவனேசுவரத்து ராஜாராணி கோயிலைத் தவறவிடாதீர்கள், திசைக் காவலர்களை அவ்வளவு அழகாக வேறெங்கும் செதுக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. குபேரன் அங்கே தொப்பையும் தொந்தியுமாக, காலுக்குக் கீழே நிதிக் குடங்கள் வரிசையாக இருக்க நிற்கிறான்.

இந்த வடக்குக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் பௌத்தத் தூபியின் கல்வேலி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வடக்கு வாசல் தூண் ஒன்றில் கைகூப்பி நிற்கும் உருவத்துக்குப் பக்கத்திலேயே 'குபிரோ யகோ', அதாவது குபேர யட்சன், என்று பிராமியில் பெயர் வெட்டியிருக்கிறார்கள். தொப்பை கிடையாது, ஒல்லியாக, கம்பீரமாக நிற்கிறான். தொப்பை எல்லாம் அப்புறம் போட்டதுதான்.

திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர்களுக்கு வேறு வழியே உண்டு. 14 கிலோமீட்டர் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன். ஏழாவதாக வருவது குபேர லிங்கம். கால் கடுத்துப்போய், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில்தான் வரும், ஆனாலும் கூட்டம் அங்கேதான் நெரியும். கார்த்திகை மாதச் சிவராத்திரியன்று குபேரனே வந்து வழிபட்டுக் கிரிவலம் போகிறான் என்ற நம்பிக்கையில் அன்றைக்கு நெரிசல் இன்னும் பல மடங்கு. நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் பௌர்ணமியும் அந்த நாளும் வேண்டாம், சாதாரண வாரநாள் காலையில் போங்கள்.

உருவத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள்

தலையில் கிரீடம், கழுத்தில் தடித்த ஆரம், அப்புறம் பானை வயிறு. இது மட்டும் போதாது, பூதகணங்களுக்கும் பிள்ளையாருக்கும்கூட வயிறு உண்டு. கைகளைப் பாருங்கள். பழைய வடஇந்தியச் சிற்பங்களில் ஒரு கையில் மதுக்கிண்ணம், இன்னொரு கையில் பணப்பை. சிலவற்றில் கதாயுதம், சிலவற்றில் மாதுளை மாதிரியோ எலுமிச்சை மாதிரியோ ஒரு பழம். வாகனம் என்று பார்த்தால் மனிதன்தான் வாகனம், அதனால் காலடியில் ஓர் ஆள் குனிந்திருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணப்பையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். கையில் நீளமாக, சற்றுத் தொளதொளவென்று தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சுருக்குப்பை என்று நினைப்பீர்கள். கிட்டே போய் அதன் நுனியைப் பாருங்கள்: குட்டி மூக்கு, இரண்டு காது, திறந்த வாய், வாயிலிருந்து சரம் கட்டின மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ விழும். அது கீரி. கீரிப்பிள்ளை இரத்தினங்களைக் கக்குகிறது. புதையலைச் சுற்றிக்கொண்டு கிடக்கும் நாகங்களுக்குப் பகை கீரிதானே, அதனால் பாம்பு விழுங்கி வைத்ததை எல்லாம் இது கக்கவைக்கும் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். கீரித் தோலில் பணப்பை தைக்கும் பழைய வழக்கத்திலிருந்து வந்தது என்று இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் ஏற்கும்படி இருக்கிறது, முதலாவது கேட்க நன்றாக இருக்கிறது. எப்படியோ, கீரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஆள் குபேரன் அல்லது அவனுடைய பௌத்த உறவுக்காரன்.

அருங்காட்சியகத்தில் பெயர்ப் பலகையைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஒரே தொப்பை, ஒரே பை, பலகையில் 'ஜம்பலன்' என்று இருந்தால் அது பௌத்தர்களின் குபேரன், 'பாஞ்சிகன்' என்று இருந்தால் குபேரனின் தளபதி, 'சர்வானுபூதி' என்றால் சமணர்களின் யட்சன். அஜந்தா 2ஆம் குகையில் பாஞ்சிகனும் அவன் மனைவி ஹாரிதியும் ஜோடியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மூன்று சமயத்துக்காரர்களும் கோயிலைக் கட்டிவிட்டு வாசலுக்கு ஒரே காவல்காரனை வைத்திருக்கிறார்கள்.

தில்லியில் இருப்பவர்களுக்குக் கோயில்கூட வேண்டாம். பாராளுமன்றச் சாலையில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாசலில் பிரம்மாண்டமான யட்சனும் யட்சியும் நிற்கிறார்கள், ராம்கிங்கர் பைஜ் செய்தவை. மதுரா அருங்காட்சியகத்தில் இருக்கும் பழைய பார்க்கம் யட்சனைப் பார்த்துச் செய்த உருவம்தான் அங்கே கையில் பணப்பையோடு நிற்கிறது. நாட்டின் கஜானாவுக்குக் காவல் வைக்க வேண்டும் என்றதும் யட்சனைக் கூட்டி வந்து நிறுத்தினார்களே, அதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

வாசலில் சங்கும் தாமரையும்

தமிழ்நாட்டில் குபேரனைவிட அவனுடைய நிதிகள்தான் கண்ணில் அதிகம் படும். நிதி என்றால் அவன் காக்கும் செல்வம், சிற்பத்தில் அதை ஆள் உருவமாகச் செய்வார்கள். நிதிகள் ஒன்பது: பதுமம், மகாபதுமம், சங்கம், மகரம், கச்சபம், முகுந்தம், குந்தம், நீலம், கர்வம். பட்டியல் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சிலையாக வருவது பெரும்பாலும் சங்கநிதி, பதுமநிதி இரண்டுதான். குள்ளமாக, குண்டாக இரண்டு ஆட்கள் வாசலின் இரு பக்கமும் இருப்பார்கள். ஒருவனிடம் சங்கு, இன்னொருவனிடம் தாமரை. கையிலும் இருக்கலாம், தலைமேலும் இருக்கலாம், ஆகவே தலைப்பாகையையும் பார்த்துவிடுங்கள்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் இந்த இரண்டு நிதிகளும் உண்டு. இலங்கைக்காரர்கள் அனுராதபுரத்து அபயகிரி விகாரைக்குப் போனால் வாசலில் சங்கைத் தலையில் வைத்திருப்பவனையும் தாமரையைத் தலையில் வைத்திருப்பவனையும் பார்க்கலாம். இன்றும் மக்கள் அங்கே பூவும் காணிக்கையும் வைக்கிறார்கள்.

அப்பர் இந்த இரண்டு நிதிகளையும் பேர் சொல்லிப் பாடியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கநிதி பதுமநிதி இரண்டையும் கொடுத்து, மண்ணையும் விண்ணையும் ஆளக் கொடுத்தாலும், சிவனுக்கு அன்பர் அல்லாதவர் செல்வத்தை மதிக்க மாட்டேன் என்கிறார். ஏழாம் நூற்றாண்டிலேயே பாட்டைக் கேட்ட சாதாரண ஆட்களுக்கு இந்த இரண்டு பேரும் தெரிந்தவர்கள் என்று ஆகிறது.

யாரோடு குழப்பிக்கொள்வீர்கள்?

பூதகணங்களோடு. பல்லவ, சோழக் கோயில்களில் கூரை விளிம்புக்குக் கீழே ஒரு வரிசை குட்டி உருவங்கள் ஓடும், பூதவரி என்பார்கள். மத்தளம் அடிக்கும், குழல் ஊதும், வாயைப் பிளந்து சிரிக்கும், ஒன்றின் முகம் வயிற்றிலேயே இருக்கும். இவர்கள் சிவனின் கூட்டம். நகை குறைவு, ஆட்டபாட்டம் அதிகம். நிதிகள் ஜோடியாக, அடக்கமாக இருப்பார்கள். நடராசரின் காலடியில் கிடப்பவன் முயலகன், குடையோடு நிற்கும் குள்ளன் வாமனன். கதாயுதத்தைத் தரையில் ஊன்றி, ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு, கோரைப்பல் தெரிய உயரமாக நிற்பவர்கள் துவாரபாலகர்கள். கதாயுதம் இருக்கிறதே என்று அவர்களைக் குபேரன் என்று எழுதிவிடாதீர்கள்.

இயக்கியைப் பின்தொடருங்கள்

குபேரனின் கூட்டத்தில் பெண்கள்தான் நம் மண்ணில் நன்றாக வேரூன்றினார்கள் என்பேன். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலனும் கண்ணகியும் காத்திருக்கும்போது மாதரி என்ற ஆயர் மூதாட்டி அந்த வழியாக வருகிறாள். எங்கிருந்து வருகிறாள் என்றால், ஊர்ப்புறத்தில் இருக்கும் இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறாள். தென்மாவட்டங்களில் இன்றும் இசக்கியம்மனாக வேப்ப மரத்தடியிலும் ஆலமரத்தடியிலும் குழந்தையோடு நிற்பவள் இந்த இயக்கிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வாய்க்கால் கரை, குளத்தங்கரை, சுடுகாட்டுப் பாதை என்று அவள் இருக்கும் இடங்களைக் கவனியுங்கள், எல்லாம் எல்லைதான்.

சமண மலைகளில் இவளை நேராகப் பார்க்கலாம். கழுகுமலையில் தீர்த்தங்கரர் வரிசைக்கு நடுவே அம்பிகா யட்சி, பக்கத்தில் சிங்கம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் சிதறால் மலைக்கு ஏறினால் சமணக் கோயில் ஒன்று இப்போது பகவதி கோயிலாக இருக்கிறது, வெளிப் பாறையில் அம்பிகா குழந்தைகளோடும் சிங்கத்தோடும் நிற்கிறாள். இரண்டு இடத்துக்கும் காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். வெயிலுக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, புடைப்புச் சிற்பத்தைப் பார்க்கச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். நிழலாக இருக்கும் இடத்தில் போன் டார்ச்சைச் சிற்பத்துக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள், கீரி வாய்கூடத் தெரியும். இசக்கியம்மன் கோயிலில் மட்டும் படம் எடுக்கும் முன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கும்பிட நினைத்தால்

தமிழ்நாட்டில் பரவலாக இருப்பது குபேரக் கோலம். மூன்றுக்கு மூன்று கட்டம், பச்சரிசி மாவில் போட்டு எண்களை எழுதுவார்கள். மேல் வரிசையில் 27, 20, 25. நடு வரிசையில் 22, 24, 26. கீழ் வரிசையில் 23, 28, 21. எப்படிக் கூட்டினாலும், நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை, 72 வரும். வந்ததா என்று கூட்டிப் பாருங்கள், வரவில்லை என்றால் ஏதோ ஒரு எண்ணை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாணயம், ஒரு பூ. வியாழக்கிழமை மாலை 5 முதல் 8 வரை குபேர காலம் என்று பலர் பார்ப்பார்கள், தீபாவளி அமாவாசையன்று இலட்சுமியோடு சேர்த்துக் கும்பிடுவதும் உண்டு. தனிக் கோயில் வேண்டுமென்றால் சென்னையில் வண்டலூர் பக்கம் இரத்தினமங்கலத்தில் இலட்சுமி குபேரர் கோயில் இருக்கிறது, பழைய கோயில் இல்லை, புதிது. நாணயத்துக்கு ஒரு ரூபாய் போதும், இதற்கென்று 'சிறப்பு குபேரக் காசு' விற்கிறவர்களிடம் வாங்க வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து புதையல் ஆசை. குபேர பூசை செய்தால் உங்கள் தோட்டத்தில் எங்கே புதையல் இருக்கிறது என்று காட்டுவேன், இயக்கியைக் கட்டி எடுத்துத் தருவேன், கோபுரக் கலசத்து இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும் செம்பு இருக்கிறது என்று வருகிற எவரையும் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். ரைஸ் புல்லிங் என்று பெயர் வைத்து இந்த மோசடியில் நிலத்தை விற்றுப் பணம் கொடுத்தவர்கள் வரை உண்டு. நிஜமாகவே கிணறு வெட்டும்போது பானையோ காசோ சிலையோ கிடைத்துவிட்டால் பூசை எதுவும் வேண்டாம், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் மறைந்து கிடந்து கிடைத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் மேலே போய்விடும். மறைத்தால் தண்டனை உண்டு.

ஒரே நாளில் பார்க்க

தஞ்சாவூர்ப் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. கும்பகோணத்தில் தங்கிக் காலையில் முதல் வேலையாகத் தாராசுரம். நிதிகளைத் தேடி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆகும், ஏனென்றால் வேறு சிற்பங்கள் விடாது. அங்கிருந்து அருகிலேயே சிவபுரம், குபேரன் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் பாடல் பெற்ற தலம். மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். சாப்பிட்டுவிட்டு 40 கிலோமீட்டர் தஞ்சாவூர், நான்கு மணிக்கு மேல் பெரிய கோயில் திருச்சுற்று, இருட்டும் நேரத்துக்கு வெண்ணாற்றங்கரைத் தஞ்சபுரீசுவரர் கோயில். இலங்கையை இழந்த குபேரன் வந்து சிவனைக் கும்பிட்ட இடம் என்கிறது அந்தத் தலத்தின் கதை. பெரிய கோயிலிலிருந்து ஆட்டோ கிடைக்கும், வண்டியில் ஏறும் முன் வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள்.